மாவுப்பூச்சியிலிருந்து மலைப்புதையல் வரை

எழுத்துத் தொழிலில் ஒரே வகைப் புத்தகம் எழுதுகிறவருக்கு ஒரே வகைத் தொல்லைதான், வகைக்கு ஒன்றாக எழுதினால் தொல்லையும் வகைக்கு ஒன்றாக வந்து சேரும்.

நான் இருப்பது கள்ளக்குறிச்சியில். இருபத்திரண்டு வருஷத்தில் பதினாறு புத்தகம் எழுதியிருக்கிறேன். மரவள்ளியில் விழுகிற மாவுப்பூச்சியைப் பற்றி ஒன்று, கோலத்துக்கு இரண்டு, குழந்தைகளுக்குப் படம் போட்ட வரலாறு நான்கு, மீதியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற சாகசக் கதை. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்கள்.

போனில் என் பேர்

பூச்சிப் புத்தகம் நான் எழுதிய முதல் புத்தகம். வேளாண்மை படித்த என் தம்பி சொல்லச் சொல்ல எழுதியது. பின்னட்டையில் என் போன் நம்பரைப் போட்டதுதான் தப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ ராஜாக்களைப் பற்றி எழுதிவிட்டேன், எத்தனையோ பிள்ளைகளைக் குகைக்குள் அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் மரவள்ளி இலை சுருண்டால் போன் எனக்குத்தான் வரும்.

போன மாசம் வடக்கனந்தலிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "ஐயா, நான் இப்போது அதையெல்லாம் எழுதுவதில்லை, கதை எழுதுகிறேன்" என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் பேர் என்ன என்று விசாரித்தார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது: "நல்ல பேருங்க. ஆனா போன்ல மாவுப்பூச்சி அம்மான்னு போட்டு வச்சிருக்கேன், அப்படியே இருக்கட்டுமா?"

எல்லா ராஜாவும்

படம் போட்ட வரலாற்றுக்குப் படம் வரைந்தவர் சங்கராபுரத்துக்காரர். கல்யாண பேனரும் கடை போர்டும் எழுதுகிறவர். நல்ல கை. ஆனால் அவருக்கு வந்த ராஜா ஒருத்தர்தான். தடித்த மீசை, உருண்ட தோள், இடது பக்கம் பார்க்கிற முகம். சேரனுக்கும் அதே முகம், சோழனுக்கும் அதே முகம், எங்கள் பக்கத்துக் குறுநில மன்னனுக்கும் அதே முகம். மாற்றித் தரச் சொன்னேன். மீசையை மட்டும் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தார். அச்சுக்குப் போக நாளாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

ஒரு பள்ளிக்கூட விழாவில் அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார் தலைமையாசிரியர். கல்வெட்டைப் பற்றிக் கேட்பார்கள், நடுகல்லைப் பற்றிக் கேட்பார்கள் என்று குறிப்பெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "மிஸ், எல்லா ராஜாவும் ஒரே ஆளா இருக்காரே, அப்பறம் எதுக்கு சண்ட போட்டாங்க?"

மேப்பு

என் பதிப்பாளர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மேலே மாடியில் பதிப்பகம். அவர்தான் ஒருநாள் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு மலை, குகை, புதையல் என்று ஒன்று எழுதுங்கள், நம்ம கல்வராயன் மலையிலேயே நடக்கட்டும் என்றார். எழுதினேன். மூன்று பிள்ளைகள் புதையலைத் தேடிப் போகிறார்கள், கடைசி வரை கிடைப்பதில்லை. எனக்கே பிடித்த கதை.

அச்சுக்குப் போகும்போது முதல் பக்கத்தில் வழிப்படம் ஒன்று வேண்டும் என்றார். நான் முன்பு ஒரு தடவை வெள்ளிமலைக்குப் போனபோது பார்த்த இரட்டைப் பலாமரம், ஆனை படுத்தாற்போல இருந்த பாறை, பக்கத்தில் ஓடை, எல்லாவற்றையும் அப்படியே வரைந்து, பாறை அடியில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். நிஜ இடத்தைப் போட வேண்டுமா என்று அப்போதே ஒரு தயக்கம் இருந்தது. பதிப்பாளர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேப்பு இருந்தாதாங்க புக்கு மேல ஒரு நம்பிக்க வரும்."

பாறையோரம்

நம்பிக்கை வந்தது. புத்தகம் வெளிவந்த ஐந்தாம் மாசம் மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் பேர் சின்னப்பொண்ணு. அந்தப் பாறையை ஒட்டி இருக்கும் கொல்லை அவளுடையது. சாமை போட்டிருந்தாள். கீழேயிருந்து ஆட்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து தோண்டுகிறார்கள் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். மலை வளைவுகளில் பஸ் ஏற ஏற, அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். போய்ப் பார்த்ததும் நாலும் மறந்துபோனது. கதிர் வந்துகொண்டிருந்த பயிர் ஒரு பக்கம் பூராவும் மிதிபட்டுக் கிடந்தது. மூன்று குழி. ஒன்றில் இறங்கி நின்றால் என் இடுப்பு வரைக்கும் வரும். மண் ஓடிவிடாமல் அவள் அடுக்கி வைத்திருந்த கல்வரப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

என்னைவிடப் பத்து வயசு சின்னவள் இருப்பாள். ஒன்றும் திட்டவில்லை, மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் கல்லை அடுக்க, நான் மண்ணைத் தள்ளினேன். இரண்டு குழி மூடுவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. அந்த வருஷம் பாறையோரத்தில் அவளுக்கு ஒரு மரக்கால் சாமைகூடத் தேறவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவள் நிமிர்ந்து முதுகைத் தட்டிக்கொண்டு என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "இங்க புதையல் இருந்தா நான் எதுக்குங்க குனிஞ்சி களை எடுத்துக்கினு கெடக்குறேன்?"

இல்லை என்று எழுதினேன்

இறங்கி வந்ததும் பதிப்பாளரிடம் சண்டை போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் சண்டை. அடுத்த அச்சில் வழிப்படத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்தில் நானே எழுதினேன்: இந்தக் கதை முழுக்கக் கற்பனை, அந்த இடத்தில் புதையல் எதுவும் கிடையாது, விவசாயிகளின் நிலத்தில் யாரும் கால் வைக்க வேண்டாம். இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத எனக்குத் தெரியாது.

சின்னப்பொண்ணு மறுபடி போன் செய்தாள். முன்னே வாரத்துக்கு ரெண்டு பேர், இப்போது நாலு பேர் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் சொல்ல ஓர் ஆள் என் வீட்டுக்கே வந்தார். ரிடையர் ஆன மனிதர், மரியாதையாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் பழைய புத்தகம், ஒரு கையில் புதுசு. இரண்டையும் என் முன்னால் விரித்து வைத்தார். நான் எவ்வளவோ சொன்னேன். காபியைக் குடித்து முடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேப்ப எடுத்துட்டீங்க, ஆள் வரவேணாம்னும் எழுதிட்டீங்க. அப்ப இருக்குதுன்னுதானங்க அர்த்தம்?"

இரண்டாம் பாகம்

இல்லை என்றால் நம்பமாட்டார்கள், எடுத்தாயிற்று என்றால் நம்புவார்கள். இந்தப் புத்தி வர எனக்கு ஒரு வாரம் ஆனது. மற்ற வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த கதையின் முடிவை நானே கெடுப்பதற்காக எழுதிய புத்தகம் அது. அதே மூன்று பிள்ளைகள் திரும்ப மலைக்குப் போகிறார்கள், புதையலைக் கண்டுபிடிக்கிறார்கள், அதிகாரிகள் வந்து பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், குழியைக் கல் போட்டு மூடிவிடுகிறார்கள். இனி அங்கே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று கடைசி வரியில் எழுதினேன். பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றிக் கொடுக்கிற கொல்லைக்காரி ஒருத்தியையும் சேர்த்தேன்.

வெளிவந்த மூன்றாம் மாசம் தோண்டுகிறவர்கள் நின்றுபோனார்கள். யாராவது அபூர்வமாக வந்தாலும் பாறை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றாள் சின்னப்பொண்ணு. அறுப்பு முடிந்த சமயம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பாறையோரம் சுத்தமாக அறுத்த சாமைத்தாள் நின்றது. குழி இருந்த இடத்தை என்னால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் மகள் கல்லூரியில் படிக்கிற பெண். வாசலில் உட்கார்ந்து கடைசி ஐந்து அத்தியாயத்தையும் சத்தமாகப் படித்தாள். சின்னப்பொண்ணு சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கூழ் ஊற்றுகிற இடத்தில் முறம் ஒரு நிமிஷம் நின்றது. ஜீப் வருகிற இடத்தில் மறுபடி நின்றது, அப்புறம் ஆடவே இல்லை.

படித்து முடித்ததும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நானும் ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாத ஒரு முகத்தோடு சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. ஆனா எங்கொல்லையில எடுத்தத ஜீப்புல ஏத்திக்கினு பூட்டாங்களே, அதுல ஒரு ஜோடி கம்மலாவது எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

பதினாறு புத்தகத்தில் பூச்சிக்கும் ராஜாவுக்கும் புதையலுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிவிட்டு, படிக்கிறவர் தேடுகிற அந்த ஒரு வரியை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிற வேலைக்குத்தான் எழுத்து என்று பேர் வைத்திருக்கிறோம்.