எட்டாவது நிரை, பன்னிரண்டாவது மரம்

ஒரே ஒரு ஊரிலே ஓர் ஊர் இருந்ததாம். அதன் தலைமேலேயே இன்னோர் ஊரைக் கட்டினார்களாம். இரண்டுக்கும் நடுவே அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் தொழில். என் தாத்தா சொன்ன கதைகளில் ராஜா இருப்பார், ராட்சசன் இருப்பான். இந்தக் கதையில் ஈப்போவில் ஒரு நில அளவை ஆபீஸும் ஒரு சீன முதலாளியும் சங்கிலி ஆளாக நானும்தான். எழுபதுகளின் கடைசி. வெயிலில் முளை அடித்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, சாயங்காலம் 'ஒரு அடி இடிக்குதே' என்று திட்டும் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது சுலபமாகப் புரியும்.

குட்டைக்கு மேலே ஒரு குடும்பம்

ஆபீஸின் பின்னறையில் நீளமான தகர உருளைகளுக்குள் வெள்ளைக்காரன் காலத்து வரைபடங்கள் கிடந்தன. பழையதைக் கீழே விரித்து, டிரேசிங் பேப்பரில் எடுத்த புதியதை அதன்மேல் வைத்துப் பார்ப்பது மழை நாட்களில் என் வேலை. ஈயம் தோண்டிவிட்டுப் போன எந்தக் குட்டையை மூடினார்கள், எந்த ஆற்றைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அப்போது மேலே வந்துவிடும்.

குனோங் ராபாட்டிலிருந்து ஒரு வாத்தியார் தம் வீட்டு பிளானைக் கொண்டுவந்தார். சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பாம். அதைப் பழைய வரைபடத்தோடு பொருத்திக் காட்டினேன். வீட்டின் பின்பாதி, அதாவது அடுப்படியும் சாமி அறையும், பழைய குட்டையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு பிளானை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "முன்பாதி கெட்டியாத்தானே இருக்கு? அப்ப நாங்க எல்லாரும் முன்னாலேயே படுத்துக்கிறோம் தம்பி."

மேப்பில் ஏறியவர்கள்

அடுத்து வந்தது பெரிய வேலை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டை அழித்து, வரிசை வீடுகள் கட்டித் தாமான், அதாவது குடியிருப்பு, ஆக்கப்போகிறார்கள். லாட் லாட்டாக அளந்து முளை அடிக்க வேண்டியது நாங்கள். அந்த எஸ்டேட்டின் பழைய வரைபடத்தை எங்கள் வேலைக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். முன்னாள் தோட்டத்து ஆட்கள் அவ்வப்போது வந்து அதன்முன் நிற்பார்கள். தாங்கள் பிறந்த வீட்டை விரலால் தேடுவார்கள்.

வரைபடத்தில் துரை பங்களா இருந்தது. டென்னிஸ் கோர்ட் இருந்தது. துரையின் நாயைப் புதைத்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவைகூட இருந்தது. ஆட்கள் குடியிருந்த லயங்கள் வெறும் மூன்று நீளக் கட்டங்கள். தோட்டத்து ஆட்களைப் புதைத்த இடம் எதுவும் இல்லவே இல்லை. சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கிற மணியம் அண்ணே அதே எஸ்டேட்டில் பிறந்தவர். ரொக்கோ சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தொரையோட நாய் செத்தா மேப்புலே ஏறும்லா. நம்மாளு செத்தா மரத்துக்கு உரம், அவ்வளவுதான்."

எண்ணிச் சொன்னவர்

ஒரு காலை சித்தியவானிலிருந்து முதல் பஸ் பிடித்து ஒருவர் வந்தார். பெயர் வேலு. வயது ஐம்பத்தைந்துக்கு மேலே. அந்த எஸ்டேட்டில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர், இப்போது மகன் வீட்டில் இருப்பவர். முதலில் பிறந்த பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டதாம். அந்தக் காலத்தில் குழந்தைகளை ரப்பர்க் காட்டு ஓரத்திலேயே, மர நிரைகளுக்கு நடுவே புதைத்துவிடுவார்கள். மண்ணைத் தள்ளுவதற்குள் மகளின் எலும்பை எடுத்துக் கடலில் கரைத்துவிட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"எடம் தெரியுமாங்கய்யா?" என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு மரம் இல்லை, வெறும் செம்மண். அவர் வெட்டிய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்து, அந்த மரங்களையும் சாய்த்தாகிவிட்டது. ஆனால் பால் வெட்டியவருக்கு இடம் என்றால் எண்ணிக்கை. "ரோட்டிலேர்ந்து எட்டாவது நெரை. மேட்டுப் பக்கத்திலேர்ந்து பன்னெண்டாவது மரம்," என்றார். தலைமாட்டில் ஒரு மங்கு, அதுதான் பால் பிடிக்கிற கோப்பை, கவிழ்த்துப் புதைத்தாராம். வரைபடத்தின் ஓரத்தில் நடவுக் கணக்கு எழுதியிருந்தது: நிரைக்கு நிரை இருபதடி, மரத்துக்கு மரம் பத்தடி. அளந்துவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. "நல்லா ஞாபகம் இருக்காங்கய்யா?" என்று மறுபடியும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "அதே நெரையிலே பதினோரு வருசம் வெட்டினவன் தம்பி. தெனமும் அந்த மரத்திலே கத்தியை வச்சிட்டு ஒரு நிமிசம் நிப்பேன்."

இரண்டு நாள்

முதலாளி இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் புல்டோசர் இறங்கும். மணியம் அண்ணே ஒரு முனை, நான் ஒரு முனை. மண் ரோட்டிலிருந்து அளந்து முளையை அடித்தேன். வேலுவோடு அவர் மனைவி அஞ்சலையம்மாவும் வந்திருந்தார். புதுப் பானை, பால், வெள்ளைத் துணி எல்லாம் அவர் பையில் இருந்தன. முதல் நாள் முழுக்கத் தோண்டினோம். நாலடிக் குழி, அதற்குள் மழைத் தண்ணீர், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் நாள் மதியம், முளையிலிருந்து ஆறடி தள்ளி, மண்வெட்டி எதிலோ பட்டது. கவிழ்த்த மங்கு. அதற்குக் கீழே ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதலாக எலும்பு, அவ்வளவுதான் அந்த மண் விட்டுவைத்திருந்தது. வேலு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அஞ்சலையம்மா மடியில் துணியை விரித்து வாங்கி, ஒவ்வொன்றாகப் பாலில் கழுவினார். கழுவும்போது ஒருமுறை கை நின்றது. பிறகு தொடர்ந்தார். அழவில்லை. வேலுதான் அழுதார். மண் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார்: "நான் எண்ணினது தப்பலே, பாத்தியா தம்பி!"

வாய்க்கால் எந்தப் பக்கம்

இரண்டு வாரம் போயிருக்கும். மணியம் அண்ணே தூரத்திலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். புல்டோசர் கிளறிய இடத்தில் செங்கல் மதகு ஒன்று தெரிந்தது. அதன்மேல் சரளைக்கல் பரப்பிய பழைய ரோடு. நாங்கள் அளந்த மண் ரோட்டுக்கும் அதற்கும் இரண்டு சங்கிலி தூரம், நூற்று முப்பத்திரண்டு அடி. கொட்டகைக்கு ஓடி வரைபடத்தைப் பார்த்தேன். அதில் வாய்க்கால் ரோட்டுக்கு இடப்பக்கம். தரையில் எங்கள் மண் ரோட்டுக்கு வலப்பக்கம். மறுநடவு சமயத்தில் ரோட்டை வாய்க்காலுக்கு அந்தப்புறம் மாற்றியிருக்கிறார்கள். தினமும் அந்தப் படத்தின் முன்னால் நின்று டீ குடித்தவன் நான்.

மதகிலிருந்து மறுபடி அளந்தேன். உண்மையான எட்டாவது நிரை வந்த இடத்தில் ஏற்கெனவே ஆறடி மண்ணை வெட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது. எங்கே கொண்டுபோனார்கள் என்று டிரைவரைக் கேட்டேன். நாலைந்து இடத்தில் கொட்டினோம் என்றான். "அப்ப அந்த மங்கு?" என்றேன். மணியம் அண்ணே என் முகத்தைப் பார்க்காமல் சங்கிலியைச் சுற்றினார்: "பிள்ளை செத்த எல்லா வீட்டிலேயும் மங்குதான் கவுத்தாங்க தம்பி. வேற என்னா இருந்திச்சு நம்மகிட்டே?"

சித்தியவானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துப் பார்த்தேன். வேலு வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பிதான்யா, மேப்பை வச்சே கண்டுபிடிச்சவரு," என்றார். லூமுட் கடலில் கரைத்ததை, அலை வந்து வாங்கிக்கொண்டதை, அன்றிலிருந்து ராத்திரியில் தூக்கம் வருவதை எல்லாம் சொன்னார். "ஐயா, அந்த அளவு விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எப்போதுமே சின்னது. அவருக்குக் கேட்கவில்லை. அஞ்சலையம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க தம்பி, ரோடு வரைக்கும் வாரேன்," என்று எழுந்தார். கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றார்.

"தப்பா அளந்துட்டோம்னு சொல்லத்தானே வந்தீங்க?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க பிள்ளைக்கு மூணு மாசம்தான் தம்பி. பல்லு மொளைக்கலே. நான் கழுவினதிலே பல்லு இருந்திச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது யாரு பெத்ததோ, அதுக்கும் ஒருத்தி பாலு ஊத்திட்டா. அவரு முப்பது வருசமா எண்ணிக்கிட்டே படுத்தாரு, இப்பத்தான் நிறுத்தியிருக்காரு. நீங்க போய்ட்டு வாங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அங்குலம் பிசகாமல் சொல்லவேண்டிய தொழிலுக்கு வந்து, ஒன்றுமே சொல்லாமல் வீடு திரும்பிய அந்த ஒரு நாள்தான் நான் ஒழுங்காக வேலை பார்த்த நாள் என்று கணக்கு.