வெளிநாடு போனதாக எழுதப்பட்டவள்

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பெயரில் 'சர்வதேச' என்றொரு சொல் இருந்தது. அதற்கு எங்களிடமிருந்த ஒரே சான்று, அதிபரின் மேசையில் இருந்த உலக உருண்டைதான். புளியந்தீவில் யாரோ விட்டுவிட்டுப் போன மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, அறைகளைப் பலகையால் தடுத்து வகுப்புகளாக்கியிருந்தார்கள். என் வகுப்பு அந்த வீட்டின் சாப்பாட்டறை. கை கழுவும் பேசின் சுவரில் அப்படியே இருந்தது. பாடம் நடக்கும்போது யாராவது குழாயைத் திறந்துவிட்டு என்னிடம் ஏச்சு வாங்குவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கேற்றுக்கு உள்ளே ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். மாவட்டத்தில் மற்றப் பிள்ளைகள் எழுதாத லண்டன் ஓ.எல். என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோருக்குப் படிப்பைவிட வெளியே போகும் வழிதான் முக்கியம். அதை நாங்களும் அறிவோம். ஆனாலும் காலைக் கூட்டத்தில் அதிபர் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுவார், நாங்களும் கைகட்டிக் கேட்போம்.

வெளிநாடு போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடக் கொப்பியைத் தந்துவிட்டுப் போகும் பிள்ளை, திங்கட்கிழமை வராது. சொன்னால் பயணம் தடைப்படும் என்று ஏஜென்சிக்காரன் வாயைக் கட்டியிருப்பான். யாராவது மறித்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அதனால் கேட்காமல் இருப்பதையே நாங்கள் மரியாதையாகப் பழகிக்கொண்டோம். மூன்று நாள் ஒரு பிள்ளை வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே பூட்டுத் தொங்கினால் விஷயம் முடிந்தது. வரவு இடாப்பில் அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'வெளிநாடு' என்று எழுதுவோம். வெறுங்கதிரையைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் மனம் குழம்பும் என்று அதிபர் அதை அன்றைக்கே மாடிக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு வருடம் பரீட்சை வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஒருத்தியைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, எல்லாப் பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுப்பாள். கல்லடியில் வீடு. தகப்பன் மருந்துக்கடை வைத்திருந்தார். தாய் அதிகம் பேசாத மனுஷி. இவளும் அப்படித்தான், ஆனால் எழுதக் கொடுத்தால் பக்கம் போதாது. சொந்தப் பிள்ளையைப் போல என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. அவள் கொப்பியைக் கடைசியாக வைத்துத்தான் திருத்துவேன். மற்றவற்றைத் திருத்தி அலுத்தபின் அதை வாசிக்க ஆசையாக இருக்கும்.

அவளும் ஒரு திங்கட்கிழமை வரவில்லை.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்தைத் தாண்டிக் கல்லடிக்குப் போனேன். பாலத்து ஆமிச் சென்றியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வெயிலில் நடந்தேன். கேற் சாத்தியிருந்தது. வாசல் கதவில் பெரிய பூட்டு. முற்றம் இரண்டு மூன்று நாளாகக் கூட்டாமல் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். இவ்வளவு பிரியமாக இருந்தேனே, எனக்காவது சொல்லியிருக்கக்கூடாதா என்று பொருமிக்கொண்டே திரும்பி வந்தேன்.

லண்டன் பரீட்சைக்கான பெயர்ப்பட்டியல் அந்த வாரம் கொழும்புக்குப் போகவேண்டும். தட்டச்சு செய்து வைத்திருந்ததை அதிபர் என்னிடம் நீட்டினார்.

"போனவளுக்கு என்னத்துக்குப் பேர்? வெட்டிவிடுங்க மிஸ்."

அடிமட்டத்தை வைத்து வெட்டினேன். கோடு நேராக வரவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

அடுத்த வாரம் கட்டுரைப் பாடத்துக்கு, வெளிநாடு போன தோழிக்கு ஒரு கடிதம் என்று தலைப்புக் கொடுத்தேன். எட்டுப் பேரும் அவளுக்குத்தான் எழுதினார்கள். அங்கே குளிரா என்று ஒருவன் கேட்டிருந்தான். பக்கத்தில் இருந்து படித்த சிநேகிதி, என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாயே, நீ நன்றாக இருக்கமாட்டாய் என்று எழுதிப் பிறகு வெட்டியிருந்தாள். நல்ல ஆங்கிலம். நல்ல புள்ளியும் போட்டேன்.

அவள் வராமல் மூன்று கிழமை ஆனபின் ஒரு காலை, பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் நின்றாள். சீருடை தேய்த்து உடுத்தியிருந்தாள். முகம் மட்டும் காய்ச்சலில் கிடந்து எழும்பிய முகமாக இருந்தது. சிநேகிதிதான் முதலில் கேட்டாள்.

"ஏன்டி திரும்பி வந்தாய்?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தன் இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"மிஸ், என்ர கதிரை எங்க?"

தமிழ் பேசியதற்கு அன்றைக்கு யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. கதிரையை மாடியிலிருந்து நானே தூக்கி வந்தேன்.

இடைவேளையில் சொன்னாள். கடைக்குச் சாமான் எடுக்கப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் இருந்து இறக்கினார்களாம், யார் இறக்கினார்கள் என்று தெரியாது. தாயும் மகளும் ஆமி முகாம் முகாமாகப் போனார்கள். இயக்கத்தின் பக்கத்திலும் ஆள் விட்டுக் கேட்டார்கள். எல்லாரும் தங்களிடம் இல்லை என்றே சொன்னார்கள்.

"ஆரும் வந்து என்னையும் கொண்டுபோயிருவாங்க எண்டு அம்மாக்குப் பயம் மிஸ். முன்கதவ வெளியால பூட்டிட்டு, பின்பக்கக் குசினிக் கதவாலதான் போய் வந்த."

அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே இரண்டு ஆமிச் சுற்றிவளைப்பின்போது அப்படி இருந்திருக்கிறோம்.

"நீங்க வந்த நேரம் நான் உள்ளுக்குத்தான் இருந்தன். ஜன்னல் இடுக்கால கண்டன். ஆரு கூப்பிட்டாலும் பேசாத எண்டு அம்மா சொல்லி வச்ச. ஆனா நீங்க கூப்பிட்டிருந்தா வந்திருப்பன் மிஸ். நீங்க கூப்பிடல்ல."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் முன்னால் அழக்கூடாது என்று பேசின் பக்கம் போய் முகத்தைக் கழுவினேன்.

அன்றைக்கே அதிபர் கொழும்புக்கு பெக்ஸ் அனுப்பினார். பட்டியல் மூடப்பட்டுவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று மறுநாள் பதில் வந்தது. அடுத்த முறைக்கு அரை வருடத்துக்கு மேல் இருந்தது. அவளிடம் சொன்னபோது, "சரி மிஸ்," என்றாள். நான் பரிந்து பேச நினைத்து வைத்திருந்த எதற்கும் அவள் இடம் தரவில்லை.

மற்றவர்கள் பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டிருக்க, அவளும் இருந்து செய்தாள். அவர்களைவிட முன்னதாகவே முடித்துவிடுவாள். பரீட்சைக்காக எட்டுப் பேரும் கொழும்புக்குப் போன கிழமை, வகுப்பில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். நான் எதையோ படிப்பித்தேன். என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை.

தவணை முடிவில் தாய் வந்தார். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகவும் விடுகைப் பத்திரம் வேண்டும் என்றும் சொன்னார். மகளைப் பாலம் தாண்டி அனுப்பிவிட்டு இனித் தன்னால் முகாம் வாசலில் நிற்க முடியாது என்றார். தமிழில் எல்லாப் பாடத்தையும் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்திரத்தை நிரப்புவது என் வேலை. இடாப்பில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. திரும்பி வந்தபின் அவள் பெயரை அடியில் புதிதாக எழுதிச் சமாளித்திருந்தேன். இடையில் மூன்று கிழமை வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் காரணமாகப் பத்திரத்தில் தகப்பன் காணாமல் போனதை எழுதட்டுமா என்று அதிபரிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மிஸ், பதினாறு வயதுப் பிள்ளை மூன்று கிழமை பள்ளிக்கூடத்தில் இல்லை. தகப்பனையும் யாரோ பிடித்திருக்கிறார்கள். இதை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், பாலத்தில் பார்க்கிறவன் அவள் எங்கே போய் ஆயுதப் பயிற்சி எடுத்தாள் என்று கேட்பான். வெளிநாடு போய்த் திரும்பியது என்றே இருக்கட்டும். அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு."

அவரைக் கோழை என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அப்படியே எழுதினேன்.

அவள் பத்திரத்தை நின்றபடி வாசித்தாள். வாசித்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்து, தாய்க்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், எந்த நாட்டுக்குப் போன எண்டு அந்தப் பள்ளிக்கூடத்தில கேட்டா என்ன சொல்ல?"

அதை நானும் அதிபரும் யோசித்திருக்கவில்லை. உண்மையிலேயே பதில் தேவைப்பட்டு அவள் காத்துக்கொண்டிருந்தாள். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"லண்டன் எண்டு சொல்லு மனே."

"சரி மிஸ்," என்றாள். மறந்துபோகக்கூடாது என்பதுபோல, உதட்டுக்குள் அதை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.