காப்பில் பட்ட பந்து

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வசந்தா, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு விளையாட்டு மைதானத்துக்குள் இறங்கி அம்பயரோடு சண்டை போட்டாள்.

எதற்கு? தன் பெண் மேல் பந்து பட்டது என்று! பெற்ற மகள் அடி வாங்கிவிட்டாள் என்று இப்படி அடித்துச் சாதிக்கிற தாயை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் மகள் கீதா, வேலப்பன்சாவடி பக்கம் காலேஜில் இரண்டாம் வருஷம். பேஸ்பால் டீமில் இருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற எனக்கு கிரிக்கெட்டே அரைகுறை. அவள்தான் தட்டில் நாலு இட்லியை நாலு மூலையில் வைத்து, 'இதுதாம்பா பேஸ். நாலையும் சுத்தி வந்தா ஒரு ரன்' என்று சொல்லிக்கொடுத்தாள்.

அதில் ஒரு ரூல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எறிகிற பந்து பேட் பிடித்து நிற்பவள் உடம்பில் பட்டுவிட்டால், முதல் பேஸ் அவளுக்குச் சும்மா கிடைக்கும். ஓடக்கூட வேண்டாம். நடந்தே போகலாம். அடி வாங்கியவருக்கு அங்கேயே, அப்போதே நஷ்ட ஈடு... வேறு எங்கே கிடைக்கிறது இப்படி?

"அப்ப பந்துக்கு முன்னாடி போய் நின்னுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"குடுக்க மாட்டாங்கப்பா. விலகப் பார்க்கணும். பேட்டைச் சுத்தும்போது பட்டாலும் கிடையாது. அடிக்கிற மாதிரி நேரா வர்ற பந்துல போய் உடம்பைக் குடுத்தாலும் கிடையாது."

"இன்னாடி ஆட்டம் இது?" என்றாள் வசந்தா. "மேல படாம ஆடிட்டு வா. அது போதும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஜெயிக்கிற டீம் கோயம்புத்தூர் போய் மாநில அளவில் ஆடலாம். கீதாவின் டீம் ஃபைனல் வரைக்கும் வந்ததே இதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வசந்தாவோ, பிள்ளை மேல் பந்து படக்கூடாது என்று தினமும் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். எதிர் டீம் ஆடி முடித்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமான ரன். மூன்று பேஸிலும் இவள் டீம் பெண்கள் நிற்கிறார்கள். இவள் பேட்டோடு வருகிறாள். இவளுக்கு முதல் பேஸ் கிடைத்தால் எல்லோரும் ஒவ்வொரு இடம் நகர வேண்டும். மூன்றாவதில் நிற்பவள் உள்ளே வந்துவிடுவாள். ஒரு ரன்... கோயம்புத்தூர்!

முதல் பந்தே கையை நோக்கி வந்தது. கீதா பின்னால் துள்ளினாள். 'டக்' என்று ஒரு சத்தம். பந்து திசை மாறிப் போயிற்று. "பட்டுச்சு! பட்டுச்சு!" என்று டீமே ஓடி வந்தது.

ஆனால் எதிர் டீமின் கீப்பர் பெண் பந்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"சார், கையில படல. இதப் பாருங்க."

பந்தில் மஞ்சள் கறை.

ஆடி மாசம் இல்லையா? எங்கள் தெரு அம்மனுக்குப் பால்குடம் எடுக்க கீதா காப்புக் கட்டியிருந்தாள். மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. பந்து அந்தக் கிழங்கை உடைத்துக்கொண்டு போயிருந்தது.

அம்பயர், ஆவடிப் பக்கம் பி.டி. மாஸ்டர். அதட்டாமல் கேட்டார். "கையில பட்டுதாம்மா?"

கீதா மணிக்கட்டைப் பார்த்தாள். "இல்ல சார். மஞ்சள்ல மட்டும்தான்."

"அடி லூசு! வாய மூடுடி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நியாயமான கோபம். எனக்கே உள்ளுக்குள் அதேதான் தோன்றியது, முருகா மன்னிக்கணும்.

அம்பயர் ரூலைச் சொன்னார். சட்டையில் பட்டால் உடம்பில் பட்ட கணக்கு. வளையல், செயின் மாதிரி மேலே அணிகிறதில் பட்டால் படாத கணக்கு. காப்பும் அந்த வகைதான். ஆகவே முதல் பேஸ் கிடையாது, ஆட்டம் தொடரட்டும்.

அப்போதுதான் வசந்தா செருப்பைக் கழற்றினாள்.

"இன்னா சார், இது நகையா? சேட்டு கடையில வச்சா துட்டு குடுப்பானா?"

"அதில்லம்மா..."

"குளிக்கறப்போ சட்டையக் கழட்டுறா. கிளவுசக் கழட்டுறா. இதக் கழட்டுறாளா? அப்ப எது சார் உடம்பு?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க வீட்லயும் காப்புக் கட்டியிருக்காங்க தாயி. எனக்குத் தெரியாதா? ஆனா இந்தக் கோட்டுக்குள்ள நான் ரூலுக்குக் கட்டுப்பட்டவன். நீங்க வெளிய போங்க."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வசந்தா கேட்டதிலும் தப்பில்லை. ரூல் புத்தகத்தில் உடம்பு தோலோடும் துணியோடும் முடிந்துவிடுகிறது. நமக்கு அப்படியா முடிகிறது?

நமக்கு மட்டுமில்லை. பந்து எறிந்த பெண்ணைப் பார்த்தேன். பூந்தமல்லிப் பெண்ணாம். அந்த மஞ்சள் கறை பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். "ஆத்தா காப்பை ஒடச்சிட்டேனே சார்..." என்றாள். அம்பயர் அதை வாங்கிக்கொண்டு வேறு பந்து கொடுத்தார். பந்தை மாற்றலாம்... பயத்தை மாற்ற முடியுமா?

அடுத்த பந்து கீதா மேலேயே வந்தது. அவள் திரும்பி விலகப் பார்த்தாள். முடியவில்லை. தொடையில் 'தொப்'பென்று விழுந்த சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். கீதாவைப் பார்த்தார். முதல் பேஸைக் கைகாட்டினார். "இது உடம்புதான். போம்மா!"

கீதா நொண்டிக்கொண்டே போனாள், சிரித்துக்கொண்டே. மூன்றாவது பேஸ் பெண் குதித்து உள்ளே வந்தாள். என் பக்கத்தில் விசில் சத்தம்... திரும்பினால், வசந்தா! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பூந்தமல்லிப் பெண் அழுதுகொண்டே வந்தாள். "ஆன்ட்டி, எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

வசந்தா பர்ஸிலிருந்த குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்தாள். "உனுக்கு ஒண்ணும் ஆவாதுடி கண்ணு. ஆத்தா பெத்தவ, கோச்சுக்க மாட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தறோம். உங்க அம்மாவயும் இட்டுகினு ஊட்டுக்கு வா."

சாயங்காலம் மகளின் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டிருந்த வசந்தாவை வம்புக்கு இழுத்தேன். "ஏம்மா, மேல படக்கூடாதுன்னு வேண்டிக்கினியே, ஆத்தா இப்படிப் பண்ணிட்டாளே?"

தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கடைசியில நாந்தான் மாத்தி வேண்டிக்கினேன்யா!"