முப்பத்தேழாம் எண் மரம்

ஹுமூத் பின் ஸுலைம் ஐம்பத்தெட்டு வயதுவரை அரசாங்கத்திடம் எதையும் கேட்டதில்லை. கேட்டால் படிவம் தருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்குப் போட்டோமோ என்று புரண்டு படுக்க வேண்டும். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நாற்பதடி பேரீச்சை மரத்தில் ஏற மட்டும் அவர் பயந்ததில்லை.

உள்நாட்டு ஓமானில், மலையடிவாரத்து ஊரில் அவருக்கு நூற்றிருபது மரங்கள். அதில் ஒன்பது, காய்க்காத ஆண் மரங்கள். ஊருக்கே மகரந்தம் அந்த ஒன்பதிலிருந்துதான் போனது. பிப்ரவரியில் பாளை வெடித்ததும் ஆள் மாற்றி ஆள் வந்து ஆண் பூ கேட்பார்கள். அதற்கு அந்த ஊரில் விலை கிடையாது. இல்லையென்று சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும்.

கிணறு உப்பேறத் தொடங்கிய பிறகுதான் அவர் வாழ்க்கையில் படிவம் நுழைந்தது. கலாஸ் என்ற உயர்ந்த ரகப் பேரீச்சை மரங்களின் அடியில் நாற்பது பக்கக்கன்றுகள் பிரித்து நடத் தயாராக நின்றன. வடக்கே நிலம் சும்மா கிடந்தது. தண்ணீர்தான் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் தோப்புக்கு வளர்ச்சிச் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழுக்குக் கணக்கெடுக்க ஜூலையில் இயாத் என்ற இளம் அதிகாரி வந்தான். காபி குடித்தான், மரங்களுக்கு எண் கட்டினான், ஆண் மரங்களின் அருகே வந்ததும் நின்றுவிட்டான்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா. இந்த டேப்லெட்டுக்குத் தெரியாது. அதுல ரெண்டே கட்டம்தான். காய்க்குது, காய்க்கல."

"ஆம்பளைக்குக் கட்டமே இல்லையா தம்பி?"

"இல்ல. காய்க்காதது நூத்துக்கு அஞ்சைத் தாண்டினா விண்ணப்பம் தானா விழுந்துடும்."

மறுநாள் படம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் போனான். அவன் சொல்லாததை ஹுமூத் சரியாகவே புரிந்துகொண்டார். வெட்டினால் ஊர் பகை. விட்டால் தண்ணீர் இல்லை. விடிந்ததும் கலாஸ் மரங்களிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஒன்பது குலைகளை அறுத்து, கம்பியால் ஆண் மரங்களில் கட்டினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி ஷம்ஸாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆம்பளையைப் பிள்ளை பெத்துக்க வைக்கிறீங்க. நல்லா இருக்கு, அபூ ஸெய்ஃப்." மகன் ஸெய்ஃபின் தகப்பன் என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

இயாத் வந்து நூற்றிருபது மரங்களையும் படம் பிடித்தான். கம்பியைப் பார்க்காமல் பிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும், அவனுக்கு இருந்தது.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. துளை போட்டார்கள், நல்ல தண்ணீர். ஹுமூத் வடக்கு நிலத்தில் நாற்பது குழி வெட்டினார். அந்த வாரமே இன்னொரு கடிதம் வந்தது. படங்களை வைத்துக் கணினி குலைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டதில், மாவட்டத்திலேயே சிறந்த தாய்மரம் முப்பத்தேழாம் எண். அனுமதியின் நிபந்தனைப்படி, அந்த ரகத்தில் நாற்பது கன்றுகளைப் பிற விவசாயிகளுக்கு வழங்கவேண்டும்.

முப்பத்தேழு, ஆண்களிலேயே பெரிய ஆண்.

அவர் இயாதுக்குப் போன் செய்தார்.

"முப்பத்தேழு எதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் பெரியப்பா. படத்துக்குக் கீழ என் கையெழுத்துதான் இருக்கு." "அதுல முளைச்ச கன்னையே கொடுத்துடுங்க. அதுவும் ஆம்பளைதான், ஆனா காய்க்கலன்னு தெரிய அஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள எனக்கு மாற்றல் வந்துடும்."

"உனக்கு வரும். வாங்கிட்டுப் போறவனுக்கு?"

உண்மையைச் சொன்னால் கிணற்றை மூடி முத்திரை வைப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்று நாள் ஹுமூத் கடப்பாரையோடு தோப்பைச் சுற்றி வந்தார். முப்பத்தேழின் அடியிலும் ஐந்தாறு கன்றுகள் இருந்தன. மற்ற ஆண் மரங்களின் அடியில் மீதியைத் தேற்றியிருக்கலாம். யாரோ ஒருவன் ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பான் என்ற நினைப்பு அவரை விடவில்லை. நான்காம் நாள் கலாஸ் கன்றுகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 37 என்று அட்டை கட்டினார். லாரி வந்து நாற்பதையும் ஏற்றிக்கொண்டு போனது.

இனிக் கன்று கிளம்பி, வேர் பிடித்துப் பிரிக்கும் பக்குவத்துக்கு வர நான்கு வருஷமாவது ஆகும். ஷம்ஸா வடக்கு நிலத்துக் குழிகளைப் பார்த்தாள், குழாயில் கொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை. ஆட்டுக்குத் தீவனமாவது போடலாம் என்றாள்.

ஹுமூத் குழிகளை மூடிவிட்டுக் குதிரைமசால் விதைத்தார். அது நன்றாகவே வந்தது.