பலி கொடுக்காத ஜாயிண்ட்

என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே இடது காலில் போலியோ வந்துவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். உட்கார்ந்து எழும்போது முழங்கால் பூட்டைக் கீழே தள்ளிவிட வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் நடத்திவந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் பேச வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகியும் எனக்குத்தான் பழகவில்லை.

அப்போது ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். நூல் மில் மெஷின்களுக்கு வேண்டிய மூடி, கைப்பிடி, லீவர் எல்லாம் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்வோம். நல்ல கெட்டி, எடையோ இரும்பில் கால்வாசி. இரண்டு துண்டுகளைச் சேர்க்கப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. நடுவே சல்லடை மாதிரி மெல்லிய எவர்சில்வர் வலையை வைத்து, மேலே செம்புக் குழாய்ச் சுருளைக் காட்ட வேண்டும். சுருளில் கரண்ட் ஓடும்போது உள்ளே இருக்கிற வலை சூடேறும், அதை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உருகும். உடனே அழுத்தி, ஆறும்வரை விடாமல் பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்கட்டு வித்தையாகத்தான் தெரிந்தது.

இந்த வித்தையில் ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. விளிம்பெல்லாம் வழவழவென்று உறைந்திருக்கும், உள்ளே ஒன்றுமே ஒட்டியிருக்காது. அதனால் தினமும் முதலில் செய்கிற துண்டை வைஸ் என்கிற இடுக்கியில் மாட்டி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம். அதற்குப் பட்டறையில் பலிக்கடா என்று பெயர். முதலாளி காலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, “பலி கொடுத்தாச்சாலே?” என்று கேட்பார். “கொடுத்தாச்சு அண்ணாச்சி” என்று பதில் வந்த பிறகுதான் உள்ளே காலை வைப்பார்.

அவருடைய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்த வாரம்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. பூத்தில் வைத்து என் மனைவியிடம் சொன்னேன். இரும்பு கனமாக இருக்கிறது, மழை பெய்தால் கரிசல் மண் வேறு அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது, பிளாஸ்டிக்கில் ஒன்று செய்து தருகிறேன், சத்தமும் இருக்காது என்றேன். அவள் டெலிபோனைத் துடைத்துக்கொண்டே, “இது நல்லாத்தானே இருக்கு” என்றாள். நான் விடுகிற ஆளா? விடாமல் நச்சரித்ததில் இரண்டு நாள் கழித்து அவளே டேப் வைத்து அளவெடுத்து, சீட்டில் எழுதித் தந்தாள். காலிப்பரை அவள் என் கையில் கொடுத்ததே கிடையாது. நான் விழிப்பதற்குள் எழுந்து மாட்டிவிடுவாள், கழற்றினால் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். நானும் கேட்டுக்கொண்டதில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்தேன். மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் தகடு சரியாக ஒரு காலிப்பருக்குத்தான் வந்தது. பலிக்கடாவுக்கு மிஞ்சவில்லை. ஒட்ட வேண்டிய ஜாயிண்ட் மொத்தம் நான்கு. மூன்று நன்றாக வந்தது. நான்காவது முழங்காலுக்குக் கீழே, அவளுடைய பாரம் முழுதும் இறங்குகிற இடம். அது பாதி உருகியபோது கரண்ட் போய்விட்டது.

பாதியில் நின்றதைத் தூக்கி எறி என்பது பட்டறைச் சட்டம். எறிந்தால் கல்யாணத்துக்குள் புதுத் தகடு கிடைக்காது. ஒரு மணி நேரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கரண்ட் வந்ததும் அதையே மறுபடி சூடாக்கி அழுத்தினேன். ஓரத்தில் பிளாஸ்டிக் முன்னைவிட அதிகமாகவே வழிந்து, நூல் பிடித்தாற்போல ஒரே சீராக உறைந்தது. தடவிப் பார்த்தேன். கையால் வளைத்தும் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு நாள் ஒன்றும் ஆகவுமில்லை. வீட்டிலும் பூத்திலும் சத்தமே இல்லாமல் நடந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “பரவாயில்லங்க” என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். அவள் எழுந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோ எடுக்க மேடைக்குப் போனோம். நான்கே படி. மூன்றாவது படியில் காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் கையை நீட்டுவதற்குள் அவள் பக்கவாட்டில் சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தாள். அழவில்லை. இடது கையால் சேலையை இழுத்துக் காலை மூடினாள்.

கூட்டம் கூடிவிட்டது. “எந்தக் கடையில வாங்குனதோ, அவன் விளங்குவானா?” என்றது ஒரு குரல். நான்தான் செய்தேன் என்று சொல்ல அந்த மண்டபத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பட்டு வேட்டியோடு ஓடிவந்த முதலாளி, படியில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். உடைந்த இடத்தில் எவர்சில்வர் வலை கழுவி வைத்த மாதிரி பளபளத்தது. முதல் சூட்டிலும் இரண்டாம் சூட்டிலும் பிளாஸ்டிக்கெல்லாம் ஓரத்துக்கு வழிந்துபோய், உள்ளே பிடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, “பலி கொடுக்கலையாலே?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கல்யாணத்துக்கு அமர்த்தியிருந்த காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஒரு மாதம் பூத்தைத் திறக்க முடியாது. கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, கரண்ட் போன கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“கனமா இருக்குன்னு ஒரு நாளாவது ஒங்ககிட்ட சொல்லியிருக்கனா?” என்றாள்.

நான் கரிசல் மண்ணைப் பற்றி மறுபடி ஏதோ ஆரம்பித்தேன்.

“ஒங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. நாலு பேரு திரும்பிப் பாக்குதாங்கன்னு கூச்சமா இருக்கு. அதச் சொல்லியிருந்தா நான் கல்யாணத்துக்கே வராம இருந்திருப்பனே.”

அவள் சொன்னது அவ்வளவும் உண்மை.

மறுநாள் காலை அவள் எனக்கு முன்பே விழித்துவிட்டாள். ஆனால் ஒரு கையால் வார் மாட்ட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “கொஞ்சம் அத எடுங்க” என்றாள். குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரும்புக் காலிப்பரைத் தூக்கினேன். சட்டென்று மேலே வந்துவிட்டது. மூன்று வருஷமாக நான் கனம், கனம் என்று நினைத்துவந்தது, ஒரு கையில் அடங்குகிற எடைதான்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து அதில் வைத்தேன்.

“வாரை எந்த ஓட்டையில மாட்ட?” என்று கேட்டேன்.

“மூணாவது” என்றாள்.