கழுகுத் தொப்பியும் காக்கி நூலும்

செத்துப்போன ஜெர்மன் சிப்பாயோட தொப்பியில கழுகுச் சின்னத்தை எந்த நூலால, எப்படித் தச்சிருக்காங்கன்னு பார்த்து, அசலா போலியான்னு எழுதிக் கொடுக்கிறது என் தொழில். உண்மையைச் சொல்லுன்னு கூப்பிட்டுட்டு, சொன்னதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற ஆளுங்களோட நீங்களும் மாரடிச்சிருப்பீங்க. அப்படின்னா வாங்க, உட்காருங்க. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

புனேக்குப் பக்கத்துல ஹடப்சர்ல ஒரு ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனியில தையல் சோதிக்கிற வேலையில இருந்தேன். கம்பெனியை மூடிட்டாங்க. புனே கேம்ப் ஏரியாவுல எங்க மாடியில குடியிருந்த ஒருத்தர் பழைய ராணுவச் சாமான் சேர்க்கிறவர். ஒருநாள் ஒரு தொப்பியைக் காட்டினார். இது பாலியெஸ்டர் நூலாச்சே, ரெண்டாம் உலக யுத்த காலத்துல இது ஏதுன்னு வாயை விட்டேன். அன்னைக்குப் பிடிச்ச சனி இன்னும் விடல.

பீரோ கண்ணாடி

பிரவீன்னு ஒருத்தர். கோயமுத்தூர்க்காரர், ஹடப்சர்ல ஐடி கம்பெனி மேனேஜர். இந்தத் தொப்பிங்க மேல பைத்தியம். நெட்ல வாங்கின ஒண்ணைப் பொட்டலம்கூடப் பிரிக்காம கொண்டு வந்தார். புற ஊதா டார்ச்சை அடிச்சேன். கழுகைச் சுத்தின தையல் டியூப்லைட் மாதிரி பளீர்னு எரிஞ்சது. இந்தக் காலத்து நூல்ல வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க, அதுதான் அப்படி மின்னும். போலின்னு சொன்னேன். மனுஷன் காதுலயே வாங்கல. தொப்பியை எடுத்துத் தலையில மாட்டிக்கிட்டு, என் பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறார்.

எனக்கு உச்சந்தலைக்கு சுர்ருன்னு ஏறிச்சு. அந்தக் கழுகு கால்ல பிடிச்சிருக்கிறது ஹிட்லர் கட்சியோட ஸ்வஸ்திகா, அதைக் குத்திக்கிட்டுத் திரிஞ்சவங்க பச்சைக் குழந்தைன்னுகூடப் பார்க்காம கூட்டங்கூட்டமாக் கொன்னது தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். என் வீட்டுல இதை யாரும் தலையில வைக்கக் கூடாதுன்னேன். கழட்டி, கண்ணாடியிலேயே முடியைச் சரி பண்ணிக்கிட்டு அவர் சொன்னது: "அதெல்லாம் ஹிஸ்டரி மேடம், நான் லுக்குக்காகத்தான் போட்டேன்."

அன்புவோட சந்தேகங்கள்

அன்பு கேம்ப்ல பேட்ஜ் தைக்கிறவன். பள்ளிக்கூட பேட்ஜ், பேண்டு வாத்தியக் கோட்டுக்கு பேட்ஜ்னு எல்லாம் செய்வான். நல்லா தைப்பான், இல்லேங்கல. ஒரு கழுகைக் கொண்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டான். நூல் தப்பு, கையால தச்சமாதிரி இருக்கு, இது மெஷின்ல ஜிக்ஜாக் ஓட்டணும்னு சொன்னேன். மறுபடியும் வந்தான். பருத்தி நூல், ஜிக்ஜாக் தையல். ஆனா தையல் உள்பக்க லைனிங் துணி வரைக்கும் இறங்கியிருந்தது. ஃபேக்டரியில பெரும்பாலும் சின்னத்தை முதல்ல தச்சிட்டு, அப்புறம்தான் லைனிங் போடுவாங்க, அதனால உள்ளே தையல் தெரியாதுன்னு அதையும் விளக்கினேன்.

அடுத்த தடவை வந்தப்போ டீ இலைத் தண்ணியில முக்கி, பழசாக்கி, லைனிங்கைப் பிரிச்சுத் தச்சுக் கொண்டு வந்திருந்தான். அப்பதான் மரமண்டைக்கு உறைச்சது. நான் போலியைக் கண்டுபிடிக்கல, போலிக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கேன். எழுந்து போடா வெளியேன்னேன். அவன் ஆடல அசையல, நிஜமாவே வருத்தப்பட்டுச் சொன்னான்: "தப்பு எங்கேன்னு நீங்க சொன்னாத்தானே அக்கா நான் திருத்திக்க முடியும்?"

துவைச்சுக் கொண்டு வந்தது

லோஹேகாவ்ல இருந்து கணேசன்னு ஒரு பெரியவர் வந்தார். கூடவே அவர் சம்சாரம் ராஜேஸ்வரி, மகன் சுரேஷ். சுரேஷுக்கு வேலை பிரவீன் ஆபீஸ்லதான், அவர் சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கான். கணேசனோட அப்பா முத்துசாமி அந்த யுத்தத்தப்போ வெள்ளைக்காரன் பட்டாளத்துல லாரி ஓட்டினவர். ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையில இருந்து இந்தத் தொப்பியைக் கொண்டு வந்தேன்னு சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கார். ஒருத்தரும் நம்பல. ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில வாங்கிட்டு அளக்கிறார்னு கணேசனோட மச்சான் இன்னைக்கும் ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிச் சிரிப்பாராம். கணேசனுக்குத் தொப்பியை விக்கிற எண்ணமே இல்லை. அப்பா பொய் சொல்லலைன்னு ஒருத்தர் எழுதித் தரணும், அவ்வளவுதான்.

டார்ச் அடிச்சேன். தொப்பி முழுக்க மின்னுது. எடுத்து மோந்து பார்த்தா சலவைப் பவுடர் வாசனை. மேடத்துக்கிட்ட காட்டப் போறோம்னு ராஜேஸ்வரியம்மா முதல் நாள் ராத்திரி ஊற வச்சு, கசக்கி, நீலம் வேற போட்டிருக்காங்க. பவுடர்லயும் அதே ரசாயனம் இருக்கு, அசலைத் துவைச்சாலும் போலி மாதிரிதான் மின்னும். தலையில அடிச்சுக்கிட்டு லென்ஸை எடுத்தேன். பிசிறு பிசிறா பருத்தி நூல். தையல் லைனிங்குக்கு இறங்கல. கழுகுக்குக் கீழே முதல்ல படைப்பிரிவுப் பட்டை ஒண்ணு தச்சு, யுத்தத்துக்கு நடுவுல உத்தரவு வந்து எடுத்த இடம் மட்டும் வெளுக்காம இருந்தது. அசல்தான். ஆனா எந்தப் புத்தியில துவைச்சீங்கன்னு கேட்காம இருக்க முடியல. ராஜேஸ்வரியம்மா என்னைத்தான் விசித்திரமாப் பார்த்தாங்க: "எவனோ தலையில வச்சதை அழுக்கோட எப்படிம்மா உங்க கையில குடுக்கிறது?"

ஒரே ஒரு வார்த்தை

தொப்பி அசல்னா மச்சான் வாயை அடைச்சிடலாமா? முடியாது. அசலையும் ஜூனா பஜார்ல வாங்கலாமே. உள்ளே சிவப்பு லைனிங்கைப் புரட்டினப்பதான் அது கண்ணுல பட்டது. பட்டாளத்துல குடுக்கிற காக்கி நூல்ல, கோணல்மாணலா, தமிழ்ல 'முத்து'ன்னு தச்சிருந்தது. அந்த நூல் மேலேயே பழைய வியர்வைக் கறை ஓடியிருந்தது, துவைச்சும் போகல. பேரைத் தச்சப்புறம்தான் தலையில போட்டு வெயில்ல திரிஞ்சிருக்கார் மனுஷன். தன் துணிமணியில எல்லாம் அப்பா இப்படித்தான் பேர் தச்சு வைப்பார்னு சொல்லி கணேசன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். சுரேஷ் அந்த நேரம் ஆபீஸ் போன்னு வெளியே போயிருந்தான். துணி இன்னும் ஈரமா இருந்தது. ஈர நூலைப் படம் எடுத்தா ஒண்ணும் தெளிவா விழாது. நல்லா காய வச்சு அடுத்த வாரம் கொண்டாங்க, படத்தோட எழுதித் தர்றேன்னு அனுப்பி வச்சேன்.

ரெண்டாம் நாளே பிரவீன் வந்து நிக்கிறார். சுரேஷ் சொல்லியிருக்கான் போல. அந்தத் தொப்பி அவருக்கு வேணுமாம், பெரியவர் தர மாட்டேங்கிறாராம். நான் சந்தேகம்னு எழுதிட்டா கிழவருக்கு ஆசை விட்டுப் போயிடுமாம், கேட்டதும் கொடுத்திடுவாராம். ஒரு மனுஷன் தன் அப்பனோட பேச்சைக் காப்பாத்த அல்லாடுறார், அதுல கைவைக்கச் சொல்றீங்களா, வெட்கமா இல்லையான்னு கேட்டுட்டுக் கதவைத் திறந்து பிடிச்சேன். வாசப்படியில நின்னும் அவர் விடல: "டவுட்னு ஒரே ஒரு வார்த்தை மேடம், அது பொய்கூட இல்லையே."

சுத்தமான லைனிங்

அடுத்த வாரம் கணேசனும் சுரேஷும் வந்தாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுல காதுகுத்து, அங்கேயே வச்சுக் காட்டப் போறேன்னு கணேசன் ரிக்ஷாவை விட்டு இறங்கும்போதே ஆரம்பிச்சிட்டார். கேமராவைத் தயார் பண்ணிட்டு லைனிங்கைப் புரட்டினேன். பேரைக் காணோம். சிவப்புத் துணி மொழுமொழுன்னு கிடக்கு.

சுரேஷ் பெருமையா சொல்றான். உள்ளே கண்டவன் போட்ட தையல் இருந்தா ஒரிஜினல் கெட்டுப் போச்சும்பாங்கன்னு பிரவீன் சார் சொன்னாராம். அப்பாவுக்கு நல்ல ரிப்போர்ட் வரணும்னு இவனே உட்கார்ந்து பிளேடால ஒவ்வொரு தையலாப் பிரிச்சு, நீராவி இஸ்திரி போட்டு ஊசி ஓட்டையைக்கூட மூடிட்டானாம். நூல் குப்பையில போயாச்சு. புனேயில பிறந்து வளர்ந்த பையன், தமிழ் பேசுவான், படிக்க வராது. துணி மாறாம இருக்க தோபி போட்ட நிஷான், அடையாளம்னு நினைச்சேன் ஆண்ட்டிங்கிறான். அது உங்க தாத்தா பேருடான்னு சொன்னேன். அவன் முகம் செத்துப் போச்சு. அவனை அதுக்கு மேல திட்ட எனக்கு மனசு வரல. பிரவீன் மட்டும் அந்த நேரம் கையில சிக்கியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

லென்ஸ் வச்சு, வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு, எல்லா விதத்துலயும் பார்த்தேன். அங்கங்கே ரெண்டு மூணு புள்ளி. எழுத்துன்னு சொல்ல ஒண்ணுமில்லை. கணேசன் அந்த இடத்தை விரலால தடவிக்கிட்டே இருந்தார். போன வாரம் நான் என் கண்ணால பார்த்தேன், அந்தப் பேர் இருந்ததுன்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தர்றேன், உங்க மச்சான்கிட்ட காட்டுங்கன்னு சொன்னேன். அவர் தொப்பியைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு எழுந்தார்: "வேணாம்மா. எங்கப்பாவும் கண்ணால பார்த்ததைத்தான் சொன்னாரு, எவன் நம்பினான்?"

ஜெர்மன்காரன் தையல்ல ஒரு இழை விட்டுப்போனாலும் துடிச்சுப் போற கூட்டத்துக்கு நம்ம ஆள் போட்ட தையல் குப்பையாத் தெரியுது, அந்தக் கூட்டத்துக்கு லென்ஸ் பிடிச்சு வயிறு கழுவுறது என் பிழைப்பு.