கஸ்பாரும் கண்டமான இண்டர்காமும்

கஸ்பார் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போர்ட் பிளேரில் எங்கள் ஆபீஸ் ஸ்டோரில் அவன் கலாசி. மேசை தூக்குவது, பெட்டி இறக்குவது, ஹேடோ துறைமுகத்துக்கு வண்டியோடு போய்ச் சரக்கு எடுத்து வருவது அவன் வேலை. நான் அதே ஸ்டோரில் கிளார்க், பெயர் பன்னீர்செல்வம். பதினோரு வருஷம் அவனை வைத்து மேய்த்தேன். மேய்த்தேன் என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறேன். காலில் சக்கரம் கட்டியவனை யார் மேய்ப்பது? சோறு தின்னும்போதுகூட அவன் இடது கை ஏதாவது ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருக்கும்.

சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை. அப்பா சங்கு குளித்தவர். அந்தத் தொழிலுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். மகனுக்கு மூச்சு இருந்தது, பொறுமை இல்லை. ஐம்பத்தேழாம் வருஷம் கப்பலேறி போர்ட் பிளேர் வந்துவிட்டான். ரேடியோ வேலையை யாரிடமும் கற்கவில்லை. கழற்றுவான், பார்ப்பான், மாட்டுவான். மாட்டியபின் நாலு திருகாணி மிச்சமாகும். அப்படியும் அது பாடும்.

சாமான் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். தீவில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதற்குப் போக்கிடம் கிடையாது. மெயின்லேண்ட் என்றால் பழைய இரும்புக்காரன் வாங்கிப் போவான். இங்கே கப்பல் கூலி கொடுத்து எவன் வருவான்? அதனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று அதிகாரிகள் கூடுவார்கள். அதற்குப் பெயர் போர்டு. டைப்ரைட்டர், மின்விசிறி, டெலிபோன் என்று எதை உதவாது என அவர்கள் எழுதுகிறார்களோ அது கண்டம். கண்டமானதை அவர்கள் கண்ணெதிரே சம்மட்டியால் உடைத்து, படகில் ஏற்றிக் கடலில் போட வேண்டும். யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதாம். சம்மட்டி பிடிப்பவன் கஸ்பார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள்.

முதல் நாளே உள்ளே இருப்பதையெல்லாம் உருவிவிட்டு, எடைக்குக் கல்லை நிரப்பி மூடிவிடுவான். கண்ணாடி நொறுங்கும் சத்தம் வேண்டுமே, அதற்கு ஒரு சோடா பாட்டிலையும் செருகி வைப்பான். மறுநாள் அவன் சம்மட்டியை ஓங்கும் ஓங்கலைப் பார்த்தால் அதிகாரிகள் இரண்டடி பின்னால் நகர்வார்கள். எனக்கு இது தெரியுமா என்றால், தெரியும். வெற்றுக் கூட்டுக்குத்தான் 'என் முன்னிலையில் உடைக்கப்பட்டது' என்று நானும் கையெழுத்துப் போட்டேன். கடல் தின்பதை ஒரு மனுஷன் தின்றால் என்ன குறைந்துவிடும் என்பது என் கட்சி.

டெலானிபூரில் அவன் குவார்ட்டர்ஸுக்குள் கால் வைக்க இடமிருக்காது. ரேடியோ பாடத் தொடங்கிய மறுநாளே அதன் வயிற்றைப் பிளந்து வேறொன்று செய்ய ஆரம்பிப்பான். "ஏன்டா, பாடுதுல்ல?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் தெளிவாப் பாடும் அண்ணாச்சி" என்பான். முடிந்த பொருள் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அறுபத்துமூன்று மழையில் அவன் மனைவி செலினுக்குக் காய்ச்சல் கண்டது. ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள், காது போய்விட்டது. முழுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். அதுவரை அவள் வாயாடி. தீவுக்கு வந்த ஆறே மாதத்தில் பஜாரில் நின்று இந்தி பேசக் கற்றவள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடமும், எதிர் வீட்டுத் தெலுங்குக்காரியிடமும், மீன் விற்க வரும் மலையாளியிடமும் அந்த இந்தியில்தான் வம்பளப்பாள். காது போனதும் இந்தியும் போனது. தமிழ் என்றால் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள். இந்தி வாயசைப்பு பிடிபடவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததுகூடத் தெரியாமல் கடைசியில் போய் வெறுங்குடத்தோடு திரும்புவாள். தன் குரலே தனக்குக் கேட்காததால், அவள் உப்பு கேட்டால் தெருக்கோடி வரை கேட்கும். பிள்ளைகள் சிரிக்கும். மெல்ல மெல்ல வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

கஸ்பாருக்கு இது போதாதா? கச்சை கட்டிக்கொண்டு இறங்கினான். கண்டமான டெலிபோனின் வாயையும் காதையும் ஒரு பேட்டரியோடு கோத்து, அவள் கழுத்தில் மாட்டினான். கோடையில் கொஞ்சம் வேலை செய்தது. மழை தொடங்கியதும் டெலிபோன் வாயில் இருக்கும் கரித்தூள் ஈரத்தில் கட்டிப்போய்விடும். அவள் நெஞ்சில் தொங்கும் டப்பாவை விரலால் தட்டித் தட்டி அதை உதிர்க்க வேண்டும். தட்டும்போதெல்லாம் காதுக்குள் இடி. ஒருநாள் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அவன் அடுத்ததைத் தொடங்கினான். இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

அறுபத்தைந்தில் செலினின் அண்ணன் வியாகுலம் கப்பலில் வந்து இறங்கினார். தங்கச்சியைக் கூட்டிப் போகத்தான் வந்தார். சண்டைக்காரர் இல்லை, நல்ல மனுஷர். "மாப்ளே, ஊர்ல அவளுக்கு எல்லாரும் சொந்தம். எல்லாரும் ஒரே பாஷை பேசுதாவ. இங்க நாலு செவுத்துக்குள்ள புள்ள ஊமையாட்டம் இருக்கா. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்றார்.

"கொஞ்ச நாள்னா எவ்வளவு மச்சான்?"

வியாகுலம் கப்பல் தேதியை மட்டும் சொன்னார். இருபது நாளில் மெட்ராஸ் கப்பல் இருந்தது.

அந்த வாரம்தான் போர்டு. பட்டியலில் பெரிய அதிகாரி மேசையில் இருந்த இண்டர்காமும் ஏறியிருந்தது. உள் அறைக்குக் குரல் கொடுக்கும் பெட்டி. ஒரு வருஷமாகப் பேச்சில்லாமல் கிடந்தது. பட்டியலை எழுதிய என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த கஸ்பார் அந்த வரியில் விரலை வைத்தான். "அண்ணாச்சி, அதுக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. சின்னச் சத்தத்தைப் பெருசாக்குறதுதான் அதோட வேலையே. அது எனக்குக் கிடைச்சா செலின் போக மாட்டா" என்றான்.

கேடுகாலம், அந்த வருஷம் போர்டுக்குத் தலைவராக ஒரு புது அதிகாரி. முதல் நாளே சாமான் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கல் நிரப்ப வழியில்லை. மறுநாள் சம்மட்டியோடு வந்த கஸ்பாரைக் கையமர்த்தி, "தோட்னா நஹி. பூரா சமுந்தர் மே டாலோ" என்றார். சில்லுத் தெறிக்குமாம், உடைக்காமல் முழுசாகக் கடலில் போடவாம்.

சம்மட்டியைக் கீழே வைத்த கஸ்பார் என்னைப் பார்த்தான். முழிப்பான் என்று நினைத்தேன், சிரித்தான்.

எங்கள் படகு ஹேடோவிலிருந்து கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். "லெஹர் படா ஹை சாப், இதுக்கு மேல வாந்தி வந்துரும்" என்று பெரிய அலையைக் காட்டி இரண்டு பாஷையிலும் அதிகாரியைப் பயமுறுத்தினான். அவர் முகம் அதற்கு முன்பே பச்சையாகியிருந்தது. சரி, இங்கேயே போடு என்றார். கஸ்பார் ஒவ்வொன்றாகப் போட்டான். இண்டர்காமைப் போடும்போது மட்டும் கரையிலிருந்த ஒரு தென்னையையும், பின்னால் மேட்டில் தெரிந்த ஒரு தகரக் கூரையையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டான். விழுந்த இடத்துக்கு அடையாளம். கடல்காரப் புத்தி.

அன்று சாயங்காலமே, வியாகுலம் துடுப்புப் போட, நாங்கள் மூவரும் ஒரு சின்னத் தோணியில் போனோம். "தங்கச்சிக்குக் காது கேட்டா எனக்குக் கசக்குதா என்ன?" என்றார் வியாகுலம். நீந்தத் தெரியாத நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பாக ஆழம், நாலு ஆள் உயரம். கஸ்பார் முங்கினான், மூன்று தடவை வெறுங்கையோடு வந்தான். நாலாவது தடவை நேரமாகியும் வரவில்லை. நான் விளிம்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். குழந்தையைத் தூக்குவதுபோல் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கஸ்பார் ஸ்பேனர் தேடிப் போன நேரத்தில், வியாகுலம் நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தார். பெட்டியைத் திறந்து, சாக்கை விரித்து, கருவாடு காயப்போடுவதுபோல் அடுப்புப் பக்கத்தில் காய வைத்துவிட்டார். திரும்பி வந்த கஸ்பார் அலறினான். "ஐயோ மச்சான்! உப்பு காய்ஞ்சா செம்பைத் தின்னுரும்!" அப்படியே தூக்கி மழைத்தண்ணீர் பீப்பாய்க்குள் அமுக்கினான். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றியது. கடலில் நனைந்ததை மறுபடி தண்ணீரிலா போடுவது? ஆனால் உப்பு போக அதுதான் வழியாம். மூன்று தடவை தண்ணீர் மாற்றினான். பிறகு அபர்டீன் பஜார் ரொட்டிக் கடைக்காரன் காலைப் பிடித்து, ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் நாலு நாள் வைத்து உலர்த்தினான். அந்த நாலு நாளும் அந்த ரொட்டியில் தகர வாசனை. பஜாரே திட்டியது.

அதன்பின் அவனைப் பிடிக்க முடியவில்லை. ஆபீசுக்கு லீவு. இற்றுப்போனதற்குப் பதில் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கி மாட்டினான். டெலிபோன் ஆபரேட்டர் தலையில் மாட்டும் காதுக்கருவி ஒன்று எப்போதோ எடுத்து வைத்திருந்தான், அதைக் கோத்தான். செலின் தட்டில் சோறு போட்டு வைப்பாள். அவன் வேலை செய்துகொண்டே நின்றவாக்கில் அள்ளிப் போட்டுக்கொள்வான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதாவது பேசுவான் என்று. அவன் வாயில் திருகாணி இருக்கும்.

கப்பலில் போகிறவர்கள் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி. ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த கையோடு, கஸ்பார் என்னையும் கூப்பிட்டான். செலினை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் கருவியை மாட்டி, பெட்டியை முடுக்கினான். வால்வு சிவக்கும் வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செலின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.  அந்த நேரம் பார்த்து வெளியே வங்காளி அம்மா, "பானி ஆ கயா! பானி ஆ கயா!" என்று கூவினாள்.

செலின் சடக்கென்று எழுந்தாள். இரண்டு வருஷம் காதில் விழாத இந்தி. குடத்தை எடுக்கத் தாவியவளை ஒயர் பிடித்து இழுத்தது. வியாகுலம் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

"தண்ணி வந்துருச்சாம்" என்றாள் செலின். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். தன் குரல் அவளுக்கே கேட்டுவிட்டது. மறுபடி பேசும்போது அந்தக் குரல் அப்படியே இறங்கியிருந்தது. நான் அவளை முதன்முதலில் பார்த்தபோது இருந்த மெல்லிசுக் குரல். "இம்புட்டுச் சத்தமாவா பேசிட்டு இருந்தேன்? ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"அப்ப எனக்கு மட்டும் பெயர் கொடுத்துட்டு வாரேன்" என்று வியாகுலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இருங்கண்ணே" என்றாள் செலின். புருஷனைப் பார்த்தாள். "கேக்குது. நல்லாக் கேக்குது. எனக்கு உங்ககிட்டப் பேசணும். ரெண்டு வருஷமா எனக்காக இந்த வீட்ட உருட்டுனிய, தட்டுனிய, கடல்ல முங்குனிய. ஒருநாளு, ஒரே ஒருநாளு, என் பக்கத்துல உக்காந்து நாலு வார்த்த பேசுனியளா? காது கேக்காட்டி என்ன, வாயப் பாத்தாவது புரிஞ்சிருப்பேனே. எனக்குக் காது இல்லைன்னு கூட அழுகை வரல. இந்தப் பெட்டிக்குக் கெடைச்சது எனக்குக் கெடைக்கலயேன்னுதான் வந்துது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சரி, போவுது. இப்ப உக்காருங்க. ஏதாவது பேசுங்க. நீங்க பேசுனா நான் இருக்கேன்."

நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் எதிரே போட்டேன். கஸ்பார் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.  அவள் காத்திருந்தாள். பெட்டியிலிருந்து லேசாக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவன் கண் அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். போகாதேடா பாவி, போகாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"செலின்" என்றான்.

"சொல்லுங்க."

"அந்த இரைச்சல் உனக்குக் கேக்குதா? பின்னால ஒரு ஒயர் சரியாப் பிடிக்கல. ஒரு நிமிஷம் இரு, அத மட்டும் பாத்துட்டு..."

அவன் எழுந்து பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. செலின் கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையிலிருந்த கருவியைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஸ்டூல்மேல் வைத்தாள்.

"அண்ணே, எனக்கும் சேத்துப் பெயர் கொடுங்க" என்றாள், தெருக்கோடி வரை கேட்கிற குரலில்.